லீலா உச்சுக் கொட்டிய கதை

லீலாவுக்கு உச்சுக் கொட்டாமல் ஒரு செய்தியைக் கேட்கத் தெரியாது. சிங்கப்பூரின் பொங்கோலில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கு முட்டி வலி, யார் பிள்ளைக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எதைச் சொன்னாலும், லிஃப்ட் கீழே வந்து சேர்வதற்குள் அவளிடமிருந்து நாலைந்து உச்சுகள் உதிர்ந்துவிடும். அதில் தரம் உண்டு. சில்லறைக் கவலைக்கு நாக்கு நுனியில் சின்னச் சின்னதாய் இரண்டு மூன்று. பெரிய துக்கம் என்றால் ஒன்றே ஒன்று, நீளமாக: பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, வாயை ஒரு பக்கம் கோணி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. அவள் கணவர் பிரபாகர் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் அவளுக்குப் 'பல்லி' என்று பெயர் வைத்திருந்தார். அவள் கோபித்துக்கொள்வதில்லை. அதற்கும் ஒன்று கொட்டுவாள்.

அந்த உச்சு அவளுக்குச் சோறு போட்டதும் உண்டு. சிராங்கூன் சாலையில் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்தே பாதி வயதைக் கழித்தவள். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் லீலாவிடம் ஒரு தரம் சொல்லி, அவள் உச்சுக் கொட்டுவதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் உள்ளே போவார்கள். கை நசுங்கிப்போய் வந்த கட்டடத் தொழிலாளிக்கும், அதிகம் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த கடை முதலாளிக்கும் அவள் பாகுபாடு பார்த்ததில்லை. டாக்டருக்கு வயதாகி கிளினிக்கை மூடியபோது லீலாவும் ஐம்பதை நெருங்கியிருந்தாள். அந்த வயதில் சிங்கப்பூரில் வேலை தேடியவர்களுக்குத்தான் அந்தக் கிலி தெரியும். 'நாங்களே உங்களைத் தொடர்புகொள்கிறோம்' என்பார்கள். அப்புறம் அந்தத் தொடர்பு எந்தச் சந்தில் தொலைந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடந்த அந்த மாதங்களை லீலா இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் டன்லப் ஸ்திரீட்டில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அழகப்பன் குடும்ப அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. அழகப்பன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து முந்திரிக்கொட்டை தருவித்து விற்று ஆளானவர். அந்த மண்ணில் சம்பாதித்ததில் கொஞ்சம் அந்த மண்ணுக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்படி ஆண்டுதோறும் ஆப்பிரிக்க நாடுகளில் வேலை செய்யும் இளம் உயிரியல் ஆய்வாளர்கள் ஐந்து பேருக்கு ஆய்வு விருது கொடுக்கிறார்கள். பூச்சியோ, பயிரோ, மீனோ, கிருமியோ, எதை ஆராய்ந்தாலும் சரி. டாக்டர் பட்டம் வாங்கியாயிற்று, வழிகாட்டிய பேராசிரியரின் நிழல் விலகியாயிற்று, சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை என்று நடுவாந்திரத்தில் நிற்பவர்களுக்கு அந்தப் பணம். அந்த நேரத்தில் கை கொடுத்தால் நின்றுவிடுவார்கள். இல்லையென்றால் வங்கி வேலைக்கோ பூச்சிமருந்து விற்கவோ போய்விடுவார்கள். பட்டம் வாங்கிக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று ஒரு விதியும் உண்டு. அதைத் தாண்டினால் கதவு அடைபட்டுவிடும்.

இதில் லீலாவுக்கு மார்க் போடும் அதிகாரமெல்லாம் கிடையாது. விண்ணப்பங்களைச் சேர்ப்பது, நடுவர்களுக்கு நினைவூட்டுவது, காணொளி நேர்காணலில் மணி பார்ப்பது, இவைதான் அவள் வேலை. வேலை ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். வருஷக் கடைசி வந்தால் அவளுக்குக் கிலிதான்.

இந்த வருஷ நேர்காணலில் கடைசியாக வந்தவள் நீமா. தான்சானியாக்காரி, மொரோகோரோ என்ற ஊர். அவள் ஆராய்வது மரவள்ளிக்கிழங்குக்கு வரும் ஒரு நோயை. மேலே பார்த்தால் செடி பச்சைப் பசேலென்று நிற்கும், இலையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கிழங்கைத் தோண்டி வெட்டினால் உள்ளே பழுப்பாக அழுகியிருக்கும். ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டியது அப்படியே குப்பைக்குப் போகும். வெள்ளை ஈ பரப்பும் அந்த நோயை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நீமாவின் கேள்வி. பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. இங்கே நம் வசதிக்குத் தமிழில்.

நீமா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். நடுவர் குழுத் தலைவி பேராசிரியர் கோ தலையைக்கூட ஆட்டினார். "இன்னும் ஐந்து நிமிடம்" என்று லீலா மைக்கைத் திறந்து சொன்னாள். சொன்னவள், மைக்கை மூட மறந்துபோனாள்.

"உங்கள் ஆய்வில் ஒரு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லையே, ஏன்?" என்று கேட்டார் பேராசிரியர் கோ.

"ஃபிரீசர் நின்றுவிட்டது" என்றாள் நீமா. "ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த இலைகள், ஈக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. விடுமுறையில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் தண்ணீராகக் கிடந்தது. இரண்டு வருஷ உழைப்பு."

லீலாவுக்கு நெஞ்சு கலங்கிவிட்டது. தரத்திலேயே உயர்ந்த, நீளமான உச்சு ஒன்று அவளை மீறி வெளியே வந்தது.

நீமா பேச்சை நிறுத்தினாள். திரையில் எதையோ வெறித்துப் பார்த்தாள். முகம் சட்டென்று இறுகிவிட்டது. "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று பேராசிரியர் கேட்டதற்கு, "மறுபடியும் சேர்த்தேன்" என்றாள். "விவரமாகச் சொல்லுங்களேன்." "அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை." மீதி நேரம் முழுக்க ஒற்றைச் சொல் பதில்தான். இந்தப் பெண்ணுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று லீலாவே மனசுக்குள் அங்கலாய்த்தாள்.

நடுவர்கள் கூடித் தரவரிசை போட்டார்கள். 'சறுக்கலைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறார், தன்னம்பிக்கை போதாது' என்று எழுதி நீமாவை ஆறாவது இடத்தில் வைத்தார்கள். ஐந்தாவது இடம் மலாவியைச் சேர்ந்த சிசோமோ என்ற இளைஞனுக்கு. ஏரிக்கரை நத்தைகளை ஆராய்பவன். அறங்காவலர்கள் திங்கட்கிழமை கூடிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாருக்கும் தகவல் சொல்லிவிடலாம். நீமாவுக்கு அடுத்த வருஷம் என்பது இல்லை. அவளுக்கு விதித்த காலம் இந்த ஆண்டோடு முடிகிறது.

வியாழக்கிழமை மதியம் லீலா பராக்காவைத் தேக்கா உணவங்காடிக்குச் சாப்பிடக் கூட்டிப் போனாள். பராக்கா இரண்டு வருஷத்துக்கு முன் இதே விருதை வாங்கிய தான்சானியாக்காரர், கடற்பாசி ஆராய்ச்சி செய்பவர். பயிற்சிக்காகச் சிங்கப்பூர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பராக்கா என்றால் அவர்கள் மொழியில் அருள் என்று பொருளாம். தமிழில் அந்தப் பெயர் 'பராக்குப் பார்ப்பவர்' என்பதுபோல் ஒலிக்கிறது என்று லீலா சொல்ல, மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரியாணித் தட்டுகளோடு இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு முதியவர் ஆவி பறக்கும் மீன்தலைக் கறியை ஏந்திக்கொண்டு வந்தார். ஈரத் தரையில் கால் வழுக்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறி மொத்தமும் தரையில்.

லீலா ஒரு உச்சுக் கொட்டினாள். நீளமாக.

பராக்காவின் கை தட்டிலேயே நின்றது. முதியவரைப் பார்த்தார், லீலாவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், அந்தப் பெரியவர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?"

"கெடுதலா? பாவம், சாப்பாடு போச்சேன்னு வருத்தப்பட்டேன்."

"வருத்தமா?" பராக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, நம்பவும் முடியவில்லை. "எங்கள் ஊரில் இப்படிச் சத்தம் போட்டால் 'நீயெல்லாம் ஒரு மனுஷனா, தூ' என்று அர்த்தம். காறித் துப்புவதற்குச் சமம். பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் செய்தால் முதுகில் விழும். புருஷன் பெண்டாட்டிக்குள் இதற்காகவே சண்டை வந்து பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். நல்லவேளை, நான் உங்களைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவன்."

அவர் அதற்குமேலும் வேடிக்கையாக ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். லீலாவின் காதில் எதுவும் ஏறவில்லை. நேர்காணலில் இறுகிப்போன நீமாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. பிரியாணித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நேர்காணல் பதிவை ஓட்டிப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. மைக் மூடியிருந்திருக்கலாம், சத்தம் போயிருக்காது என்று. சத்தம் போனதோடு விடவில்லை. யார் குரல் கேட்கிறதோ அவர் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அந்தச் செயலியின் வழக்கம். 'இரண்டு வருஷ உழைப்பு' என்று நீமா சொல்லி முடித்த அடுத்த நொடி, திரை முழுக்க லீலாவின் முகம். வாய் ஒரு பக்கம் கோணி, கண் பாதி மூடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாதவள் பார்த்தாலும் அது ஏளனம் என்றுதான் சொல்வாள். லீலாவுக்கே தன் முகத்தைப் பார்த்து அசிங்கமாக இருந்தது. இரக்கத்தில் கோணிய முகம் இது என்று எந்தச் சாமியிடம் போய்ச் சத்தியம் செய்ய முடியும்?

மாலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் பிரபாகர் ஜூரோங்கில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் அலுத்துப்போய் வந்திருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"விடு லா" என்றார் பிரபாகர். "ஜட்ஜுங்க எத்தனை பேரு? ஒருத்தரும் கவனிக்கலைன்னா நீ ஏன் போய் வாயக் குடுக்கிற?"

"அவங்க எல்லாம் குனிஞ்சு குறிப்பு எழுதிக்கிட்டிருந்தாங்க, அது நெட்வொர்க் சத்தம்னு தோணியிருக்கும்ங்க. அந்தப் பொண்ணுக்குத் தோணலையே."

"அது படிச்ச பொண்ணு, வேற எங்கயாச்சும் அப்ளை பண்ணிக்கும். உனக்கு இப்ப கான்டிராக்ட் ரினியூவல் டைம். ஞானசேகரன் சாரு எப்படிப்பட்டவருன்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க?"

அதுவும் உண்மைதான். அறக்கட்டளையின் இயக்குநர் ஞானசேகரன் அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒழுங்குமுறை என்ற சொல்லைச் சாமி பெயர் மாதிரி சொல்வார். அலுவலக ஊழியர் நேர்காணலில் ஒரு புருவத்தைக்கூட உயர்த்தக்கூடாது என்று வருஷா வருஷம் எச்சரிப்பவர். லீலாவுக்கு மறுபடியும் அந்தப் போன் வராத மாதங்கள் ஞாபகம் வந்தன. இந்தத் தடவை ஐம்பதையும் தாண்டியாகிவிட்டது. மகள் படிப்பு இன்னும் முடியவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

"ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் சேர்த்தது தண்ணியாப் போச்சுன்னு சொல்றா. அதக் கேட்டு நான் காறித் துப்பினேன்னு அவ மனசுல இருக்கும்ங்க. சாகுற வரைக்கும் இருக்கும்" என்றாள். பிரபாகர் அடுப்பை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை, இறங்க வேண்டிய லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் கதவு திறந்து மூடியதே அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த நிலையமான டோபி காட் போய்த்தான் விழித்துக்கொண்டாள். அங்கே இறங்கி எதிர் ரயிலுக்குக் காத்திருந்தபோது இப்படியே பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, உடம்பு சரியில்லை என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை ஓடியது. திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும். அப்புறம் சொல்ல ஒன்றுமே இருக்காது. அந்த யோசனை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதே அவளைப் பயமுறுத்தியது. வந்த ரயிலில் ஏறி, நேராக ஞானசேகரன் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், ஒரு தப்பு நடந்துருச்சு."

பதிவைப் போட்டுக் காட்டினாள். பராக்கா சொன்னதைச் சொன்னாள். ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு அவர் வாயிலிருந்து நீளமாக ஒன்று வந்தது: பல்லிடுக்கில் காற்றை இழுத்து, வாயை ஒரு பக்கம் கோணி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

"உங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது" என்றார் ஞானசேகரன், கொஞ்சம் இறங்கிய குரலில். ஆனால் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீலா, ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்குங்க. பேராசிரியர் கோ கிட்ட நான் சொல்லத்தான் வேணும். அவங்க அந்தப் பொண்ண மறுபடியும் கூப்பிடுவாங்க. அவ நல்லா பேசினா மேல வருவா. விருது அஞ்சு பேருக்குத்தான். அவ உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போகணும். யாருன்னு தெரியும்ல?"

தெரியும். லீலாவுக்கு அது வியாழக்கிழமையே உறைத்திருந்தது. உறைத்ததை உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

"ஆறு பேருக்குக் கொடுக்க முடியாதா சார்?"

"போன வருஷமே கேட்டுப் பார்த்தாச்சு. ட்ரஸ்டீஸ் ஒத்துக்கல."

"அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணலையே சார்."

"அந்தப் பொண்ணு பண்ணினாளா?" என்றார் அவர்.  "நீங்களே அவளக் கூப்பிடுங்க. டெக்னிக்கல் ப்ராப்ளம், மறுபடி இன்டர்வியூ வைக்கிறோம், அவ்வளவுதான். வேற எதுவும் பேசக்கூடாது."

பிற்பகலில், மொரோகோரோவில் விடிந்த பிறகு, லீலா நீமாவை அழைத்தாள். எண்ணைத் தவறாக அழுத்தி மறுபடி அழுத்தினாள். தொழில்நுட்பக் கோளாறு, மறு நேர்காணல் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

"நன்றி" என்றாள் நீமா. "நான் வரவில்லை. ஒருமுறை என்னைக் கேவலப்படுத்தியது போதும். பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை தருகிறார்கள். திங்கட்கிழமை போய்ச் சேருகிறேன்."

 வேறெதுவும் பேசக்கூடாது என்ற கட்டளை காற்றில் போயிற்று. "அம்மா, வைத்துவிடாதே. அந்தச் சத்தம் போட்டவள் நான்தான். நான் நடுவர் இல்லை. மணி பார்க்க உட்கார்ந்திருந்தவள். எங்கள் தமிழ் ஆட்கள் யாராவது மனசு நோகச் சொன்னால் அப்படித்தான் செய்வோம். 'ஐயோ பாவமே' என்று சொல்ல வாய் வராதபோது அந்தச் சத்தம்தான் வரும். எங்கள் வீட்டில் யாராவது செத்துப்போனாலும் வந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். உங்கள் ஊரில் அதற்கு இப்படி ஒரு அர்த்தம் என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியும்."

எதிர்முனையில் சேவல் ஒன்று கூவியது. 

"அப்படியானால் அது என் ஃபிரீசருக்காகவா?"

"ஆமாம்மா. உன் ஃபிரீசருக்காகத்தான்."

"என் ஆய்வுக்கூடத்திலேயே யாரும் அதற்காக வருத்தப்படவில்லை" என்றாள் நீமா. "ஃபிரீசர் என்றால் நிற்கத்தான் செய்யும் என்றார்கள். அந்த நேர்காணலில் இருந்த மற்றவர்களுக்கு வருத்தமாக இல்லையா?"

"இருந்திருக்கும். அவர்களுக்குச் சத்தம் வராது."

நீமா முதலில் சிரித்தாள் போலிருந்தது. பிறகுதான் அது சிரிப்பில்லை என்று லீலாவுக்குப் புரிந்தது. போனின் இரண்டு முனையிலும் இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். "சனிக்கிழமை வருகிறேன்" என்று சொல்லி நீமா வைத்தாள்.

சனிக்கிழமை நேர்காணலில் லீலா இருக்கக்கூடாது என்று ஞானசேகரன் உத்தரவு. மணியை அவரே பார்த்துக்கொண்டார். லீலா கீழே இறங்கித் தெருவில் நடந்தாள். கேம்பல் லேனில் பூக்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். எதிரிலேயே நின்றுகொண்டு ஒன்றும் வேண்டாம் என்றாள். ஒரு தே-ஓ, பால் ஊற்றாத தேநீர், வாங்கி ஆற வைத்துக் குடிக்காமல் விட்டாள். நீமா நன்றாகப் பேச வேண்டுமே என்று ஒரு நிமிடம் வேண்டுவாள். வேண்டி முடிப்பதற்குள் நத்தைக்காரப் பையனின் முகம் வந்து நிற்கும். அவன் நேர்காணலுக்கு அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான் போலும், தோள் தொங்கிப்போய் இருந்தது. அவன் நன்றாகச் செய்யவில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினாள். இப்படி ஒரு நல்ல பிள்ளையின் குறையைத் தேடி மனசு அலைகிறதே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேலே போனபோது பேராசிரியர் கோ திரையில் இன்னும் இருந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஃபிரீசரில் எல்லாம் போன பிறகு நீமா அதே ஊர்களுக்கு, அதே விவசாயிகளிடம் மறுபடியும் போயிருக்கிறாள். அவள் குறிப்பேட்டின்படி முதல் முறை நோய் இல்லாதிருந்த வயல்களில் இரண்டாம் முறை நோய் வந்திருந்தது. எந்தப் பாதையில் அது நகர்ந்தது என்று அதனாலேயே அவளால் சொல்ல முடிந்தது. இழந்ததை வைத்தே ஒரு விடை கண்டிருக்கிறாள். இதை முதல் நாள் ஏன் சொல்லவில்லை என்று பேராசிரியர் ஆச்சரியப்பட்டார். லீலா தரையைப் பார்த்தாள்.

நீமா இரண்டாவது இடத்துக்கு வந்தாள். இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை இருந்தவர்கள் ஓர் இடம் இறங்கினார்கள். சிசோமோ ஆறாவதானான்.

திங்கட்கிழமை அறங்காவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தகவல் அனுப்புவது லீலாவின் வேலை. ஐந்து பேருக்கும் வாழ்த்து அனுப்பினாள். நீமாவின் பெயரை அடிக்கும்போது சந்தோஷத்தில் விரல் துள்ளியது, அதை அவள் மறைக்க விரும்பவில்லை. அப்புறம் மற்றவர்களுக்கு வழக்கமான வருத்தச் செய்தி. சிசோமோவுக்குக் கடைசியாக அனுப்பினாள்.

அவனிடமிருந்து உடனே பதில் வந்தது. 'என்னைப் பரிசீலித்ததற்கு மிக்க நன்றி. நான் எந்த இடத்தில் தவறினேன் என்று சொன்னால், அடுத்த ஆண்டு திருத்திக்கொண்டு வருவேன்.'

லீலா அதைப் படித்துவிட்டு எழுந்து ஞானசேகரன் அறைக்குப் போனாள்.

"சார், சிசோமோவுக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"என்னன்னு சொல்வீங்க?"

"நீ தப்பு பண்ணலைன்னு. சனிக்கிழமை வரைக்கும் நீதான் அஞ்சாவது இடத்துல இருந்தேன்னு. என்னாலதான்..."

ஞானசேகரன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் குரலில் கடுமை இல்லை.

"அது அந்தப் பையனுக்கு ஆறுதலா லீலா, இல்ல உங்களுக்கா?"

லீலா நின்றாள். பிறகு தன் இருக்கைக்குத் திரும்பினாள். 'உங்கள் நேர்காணலில் குறையொன்றும் இல்லை. இந்த ஆண்டு போட்டி கடுமையாக இருந்தது. அடுத்த ஆண்டு அவசியம் விண்ணப்பியுங்கள், காத்திருப்போம்' என்று தட்டினாள். அதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் தான் இருப்போமா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அனுப்பினாள். திரையில் அவன் பதில் வருவதற்கு முன்பே கணினியை மூடிவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.